எழுத்து தெரிந்த சிறுமியும் மொழி தெரிந்த கிழவனும்

பணி ஓய்வுக்குப் பிறகு மாதம் இருமுறை கடம்பூர் மலையிலுள்ள ஒரு தொடக்கப் பள்ளிக்குச் சென்று, பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். கடந்த ஆண்டு ஒருநாள், மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஊராளிச் சிறுமி ஒருத்தி, கடற்கரையைப் பற்றிய ஒரு பத்தியை எனக்கு வாசித்துக் காட்டினாள். தடங்கல் இல்லை, பிழை இல்லை. 'கலங்கரை விளக்கம்' என்ற நீண்ட சொல்லைக்கூட ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அருகில் நின்ற ஆசிரியரின் முகத்தில் பெருமிதம் தெரிந்தது. அது நியாயமான பெருமிதமே. ஐந்து வகுப்புகளையும் ஏறத்தாழ ஒற்றை ஆளாகக் கவனிக்கும் ஒருவர் அந்த அளவுக்கு ஒரு குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்துவது எளிதன்று.

'கலங்கரை விளக்கம்னா என்ன கண்ணு?' என்று கேட்டேன். சிறுமி என்னைப் பார்த்தாள், பக்கத்தைப் பார்த்தாள், பிறகு அதே வரியை முன்னைவிட வேகமாக மறுபடியும் வாசித்தாள். என் கேள்விக்கு அதுதான் விடை என்று அவள் நினைத்திருந்தாள். வாசிப்பது என்றால் எழுத்தை ஒலியாக்குவது. சரியாக ஒலித்துவிட்டால் வேலை முடிந்தது. மூன்றாண்டுப் பள்ளிப் படிப்பு அவளுக்குக் கற்றுத்தந்திருந்தது அதைத்தான். பிறகு இருவரும் அமர்ந்து பார்த்தபோது, சுமார் நாற்பது சொற்கள் கொண்ட அந்தப் பத்தியில் பதினொரு சொற்களுக்கு அவளுக்குப் பொருள் தெரியவில்லை என்பது புலனாயிற்று. கடலை அவள் பார்த்ததில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். 'ஒளிர்ந்தது', 'அணுகின', 'நெடுந்தொலைவு' ஆகியவையும் அவள் வீட்டில் ஒலிக்காத சொற்களே.

அவளுக்கு நேர் எதிரான நிலையில் நான் இருந்ததுண்டு. எங்கள் வீடு சத்தியமங்கலத்தில் நெசவாளர் வீடு. தேவாங்கர் குடும்பங்களில் வழக்கம்போல் வீட்டு மொழி கன்னடம். தெருவில் தமிழ், பள்ளியில் தமிழ், குழித்தறி ஓடும் கூடத்தில் கன்னடம் என்று வளர்ந்தேன். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் உருவானபோது, அதுவரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துடன் சேர்ந்தது. தாளவாடிப் பகுதி இந்தப் பக்கமே நின்றுவிட்டது. என் தாயாரின் அக்காளை, எங்கள் வழக்கில் தொட்டம்மாவை, கொள்ளேகாலில் கொடுத்திருந்தார்கள். அவருடைய பிள்ளைகள் கன்னடத்தில் படித்தனர். எனவே கடிதங்கள் கன்னடத்தில் வந்தன. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்குத் தெரிந்ததோ தமிழ் எழுத்து. கடிதம் வந்தால் அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போவார். திம்பம் மலைப்பாதை வழியாகச் சாமராஜநகர் செல்லும் வண்டியின் நடத்துநர் ஒருவர், புறப்படுவதற்கு முன் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் உரக்கப் படித்துக் காட்டுவார். பயணிகள் அனைவரும் எங்கள் குடும்பச் செய்தியைக் கேட்பார்கள். படிக்கிற மகன் என்று ஊரில் பெயரெடுத்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

அம்மா மறைந்த பிறகு அந்தக் கடிதங்கள் தகரப் பெட்டியில் கிடந்தன. ஓய்வுபெற்ற பின்பே, அறுபது வயதுக்கு மேல், கன்னட எழுத்துகளைக் கற்றேன். மூன்று மாதங்களாயின. முதல் கடிதத்தைப் படித்து முடிக்க ஒரு பிற்பகல் முழுவதும் வேண்டியிருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப்போல் விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். கண்ணால் பார்க்கையில் ஒன்றும் புரியாது; வாய்விட்டுச் சொன்னால் அந்தக் கணமே புரிந்துவிடும். கண்ணுக்கு அந்நியமாயிருந்த சொல் காதுக்கு உறவாயிருந்தது. சில எழுத்துவழக்குச் சொற்களைத் தவிர அகராதியே தேவைப்படவில்லை. ஒரு கடிதத்தின் கடைசியில், ஐம்பது ரூபாய் இருந்தால் அனுப்பும்படி தொட்டம்மா கேட்டிருந்தார். அந்த வரியை நடத்துநர் படித்ததாக எனக்கு நினைவில்லை. வண்டி கிளம்பும் அவசரத்தில் விட்டிருக்கலாம்; பத்துப் பேர் முன்னிலையில் படிக்க வேண்டாமென்று எண்ணியும் இருக்கலாம். அம்மாவுக்கு அது கடைசிவரை தெரியாது.

வாசிப்பு என்பது இரண்டு திறன்களின் கூட்டு அன்று, பெருக்கல் என்று 1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினர். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று. அந்த மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே புரிந்து வாசித்தல். பெருக்கலில் ஒரு பக்கம் சுழியானால் மறுபக்கம் எவ்வளவு பெரிதாயினும் விடை சுழிதான். அந்தச் சிறுமிக்கு முதல் திறன் முழுமையாக இருந்தது, இரண்டாவது குறைவு. எனக்கு இரண்டாவது முழுமை. முதலாவது அறவே இல்லை. ஆயினும் எங்கள் இருவரின் குறைகளும் சமமானவை அல்ல. எழுத்துகளைக் கற்க எனக்கு மூன்று மாதம் போதுமாயிருந்தது. ஒரு மொழியைக் கற்க அவளுக்கு மூன்று மாதம் போதாது. வேறொரு மொழியில் சரளமாகப் பேசச் சிறுவர்களுக்கு இரண்டாண்டு ஆகலாம். பாடநூலின் மொழியில் பிறரோடு ஈடுகொடுக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளைக் கொண்டு காட்டியிருக்கிறார். விளையாட்டுத் திடலில் 'நல்லாத்தானே தமிழ் பேசறான்' என்று நாம் கருதும் பிள்ளை, வகுப்பறையில் அறிவியல் பாடத்தின் முன் ஊமையாவது இதனால்தான்.

இந்த வேறுபாட்டை அறியாமல் நானே ஒருமுறை பிழை செய்திருக்கிறேன். எண்பதுகளில் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தாளவாடிப் பகுதியில் குடும்பக் கணக்கெடுப்பு நடத்தியபோது, என் படிவத்தில் 'எழுத்தறிவு பெற்றவர்', 'பெறாதவர்' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. தமிழ்ப் படிவத்தைக் காட்டி, படிக்கத் தெரியவில்லை என்றவர்களை இரண்டாவது கட்டத்தில் சேர்த்தேன். ஒரு விவசாயி, நான் குறித்து முடித்ததும், திண்ணையில் கிடந்த கன்னட நாளிதழை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். எங்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறையோ மிகத் தெளிவானது: ஏதேனும் ஒரு மொழியில், புரிதலோடு, எழுதவும் படிக்கவும் தெரிந்தவரே எழுத்தறிவு பெற்றவர். 'ஏதேனும் ஒரு மொழி' என்பதை நான் மறந்தேன். 'புரிதலோடு' என்பதை நம் பள்ளித் தேர்வுகள் மறந்துவிடுகின்றன. அந்த மாதத்துப் படிவங்கள் அனைத்தையும் திரும்பச் சென்று நிரப்ப வேண்டியதாயிற்று. வீட்டில் கன்னடம் பேசும் எனக்கே இது தோன்றவில்லையே என்ற வெட்கம் இன்னும் போகவில்லை.

தாளவாடியின் பிள்ளைகள் வேறொரு வகை. அங்கே அரசுப் பள்ளிகளில் கன்னட வழியிலும் கற்பிக்கப்படுகிறது. தமிழ்நாடு பாடநூல் நிறுவனம் கன்னடத்திலும் நூல்களை அச்சிடுகிறது. வீட்டு மொழியிலேயே எழுதப் படிக்கத் தொடங்கும் இந்தப் பிள்ளைகள், 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின் பயனாகத் தமிழையும் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். சட்டத்தைப் பற்றி வழக்குகள் உண்டு. சிறுபான்மை மொழி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளிலிருந்து நீதிமன்றங்கள் அவ்வப்போது விலக்களித்ததும் உண்டு. என் கருத்து, அவர்கள் தமிழ் படிக்கத்தான் வேண்டும் என்பதே. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் தகுதி பெறுவது கட்டாயமாகிவிட்ட பின், தமிழ் படிக்கத் தெரியாத தாளவாடி இளைஞருக்குச் சொந்த மாநிலத்திலேயே கதவுகள் மூடிவிடுகின்றன. தமிழை அவர்களுக்கு எந்த முறையில் கற்பிப்பது என்பதே கேள்வி.

கன்னடத்தில் படிக்கத் தெரிந்த குழந்தை தமிழ் எழுத்துக்கு வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. குறி ஒலியைக் குறிக்கிறது. மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய். கோடு இடமிருந்து வலமாக ஓடுகிறது. எழுதியதில் ஒரு செய்தி இருக்கிறது. இவையெல்லாம் ஒருமுறை கற்றால் போதும், எந்த மொழிக்கும் உடன்வரும். பொருளாதாரத்தில் சொன்னால், மூலதனச் செலவு முன்பே முடிந்துவிட்டது. ஆனால், உடன்வராதவையும் உண்டு. அங்கேதான் ஆசிரியர் நிற்க வேண்டும்.

தமிழின் 'க' என்ற ஒரே எழுத்தைப் பாருங்கள். 'கடல்' என்பதில் ஓர் ஒலி, 'தங்கம்' என்பதில் மற்றோர் ஒலி, 'அகம்' என்பதில் வேறோர் ஒலி. கன்னடத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்துகள் இருக்கின்றன. எனவே கன்னடக் குழந்தை 'தங்கம்' என்ற சொல்லைக் கண்டதும் எந்த ஒலியைக் கொடுப்பதென்று திகைக்கிறது. தமிழ்க் குழந்தை திகைப்பதில்லை. ஏனெனில் தங்கம் என்ற சொல் அதன் காதில் முன்பே இருக்கிறது. சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வல்லொலி, மெல்லின எழுத்தை அடுத்து வந்தால் மென்மை என்ற விதியைத் தமிழ்ப் பிள்ளைக்கு எவரும் சொல்லித் தருவதில்லை, தேவையும் இல்லை. தாளவாடிப் பிள்ளைக்குச் சொல்லித் தந்தே ஆக வேண்டும். சொல்லித் தந்தபின் 'பஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, முதலெழுத்துக்கு வல்லொலிதானே என்று அது கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும் குழந்தை பாடத்தை நன்றாகவே கற்றிருக்கிறது.

உயிர்க்குறிகளிலும் இதே கதை. தமிழில் 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் குறி முன்னே நிற்கிறது, ஒலி பின்னே வருகிறது; 'கொ' என்றால் இருபுறமும் நின்று எழுத்தை அணைத்துக்கொள்கிறது. கன்னடத்தில் குறிகள் எழுத்தோடு ஒட்டி, மேலோ வலப்பக்கமோ அமைகின்றன. மாறாக, கன்னடத்தில் ஒற்றெழுத்து முந்தைய எழுத்தின் காலடியில் சென்று தொங்கும்; தமிழில் புள்ளி வைத்து நேராக நடக்கும். இந்த வகையில் தமிழ் எழுத்து பெருங்கருணை உடையது. ஈரோட்டுப் பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்டு, 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் 'ணை', 'லை', 'னா' போன்றவற்றின் பழைய கோணல் வடிவங்கள் நீங்கின. நான் பழைய வடிவத்தில் கற்றவன்; யானைத் தும்பிக்கை போன்ற அந்த 'லை'யை எழுத முடியாமல் அடி வாங்கியவன். உகர, ஊகார வரிசைகளைச் சீர்திருத்தம் தொடவில்லை. 'கு', 'சு', 'டு', 'நு' என்று ஒவ்வொன்றும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியவையாகவே நிற்கின்றன. தமிழின் 247 எழுத்துகளும், கன்னடத்தின் கூட்டெழுத்துகளும் ஓராண்டில் கைவராதவை. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகளைக் கற்பது நான்காம் வகுப்பு வரையிலும்கூட நீளுகிறது என்று 2007-இல் வெளியான ஆய்வில் எழுதியிருக்கிறார். ஒன்றாம் வகுப்பு முடிவில் எல்லா எழுத்தும் தெரிய வேண்டும் என்பது 26 எழுத்து மொழியைப் பார்த்துப் போடப்பட்ட கணக்கு.

இனிச் சொற்கள். பால் என்பது ஹாலு. புலி என்பது ஹுலி. பத்து என்பது ஹத்து. பல் என்பது ஹல்லு. தமிழின் சொல்முதல் 'ப' கன்னடத்தில் பெரும்பாலும் 'ஹ' ஆகியிருக்கிறது. இந்த ஒரு திறவுகோலைக் கொடுத்தால் குழந்தை தானே டஜன் கணக்கில் சொற்களைத் திறந்துகொள்ளும். அதில் கிடைக்கும் மகிழ்ச்சி புதிர் விடுவிக்கும் மகிழ்ச்சி. மழை அவர்களுக்கு 'மளெ', ஏழு என்பது 'ஏளு'. ஆகவே அங்குள்ள பிள்ளை 'மளை' என்று எழுதினால், அது கவனக்குறைவு அன்று. தன் மொழியின் ஒலியமைப்பை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போகும் ஆசிரியரும், 'உங்கள் ளகரம் இங்கே சில இடங்களில் ழகரம்' என்று ஐந்து நிமிடம் விளக்கும் ஆசிரியரும் ஒரே பிழையைத்தான் பார்க்கிறார்கள்.

உறவுபோலத் தோன்றி ஏமாற்றும் சொற்களும் உண்டு. கன்னடத்தின் 'மனெ' வீடு. தமிழின் 'மனை' பெரும்பாலும் வெற்று நிலம். மலைப்பகுதியில் 'பள்ளம்' என்றால் காட்டாறு. கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் போகிறவர்களுக்குச் சர்க்கரைப்பள்ளமும் குரும்பூர்ப் பள்ளமும் தெரியும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் பேருந்து நின்றுவிடும், பள்ளியும் நின்றுவிடும். கன்னடத்தில் 'ஹள்ள' என்பதும் நீரோடையே. பாடநூலில் 'சிறுவன் பள்ளத்தில் விழுந்தான்' என்று வந்தபோது, அந்தப் பள்ளியில் பலரும் அவனை வெள்ளம் அடித்துச் சென்றதாகவே நினைத்தார்கள். ஒரு சிறுவன், 'கயிறு போட்டாங்களாங்க சார்?' என்று கேட்டான். இதைப் 'புரியவில்லை' என்று எப்படிச் சொல்வது? தன் உலகத்தைக் கொண்டு மிக நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறான்.

ஊராளி, இருளர், சோளகர் பிள்ளைகளிடம் திரும்புகிறேன். இவர்களுடைய மொழிகள் திராவிட மொழிகளே. இருளர் மொழியை ஆராய்ந்து, அறிஞர் கமில் சுவெலபில் 1973-இல் தனி நூலே வெளியிட்டார். ஊராளிகளின் பேச்சில் தமிழும் கன்னடமும் கலந்திருப்பதைத் தர்ஸ்டன் நூறாண்டுகளுக்கு முன்பே குறித்துள்ளார். தமிழுக்கு நெருக்கமான மொழி என்பதால் நாம் 'கொச்சைத் தமிழ்' என்று தள்ளிவிடுகிறோம். நெருக்கமே ஆபத்து. ஒடியாவோ இந்தியோ பேசும் தொழிலாளியின் பிள்ளை வகுப்பில் வந்து அமர்ந்தால், அதற்குத் தமிழ் தெரியாது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். ஊராளிப் பிள்ளைக்குப் பாதி தெரியும் என்பதால், மீதி தெரியாதது ஐந்தாம் வகுப்பு வரை எவர் கண்ணிலும் படுவதில்லை.

தாளவாடிப் பிள்ளைக்கு இருப்பதும் இவர்களுக்கு இல்லாததும் என்ன? தன் மொழியில் வாசித்துப் புரிந்துகொண்ட அனுபவம். வாசிப்பு என்றாலே பொருள் வரும் என்று கன்னடத்தில் ஒருமுறை கண்டுகொண்ட குழந்தை, தமிழில் பொருள் வராதபோது 'இது எனக்குப் புரியவில்லை' என்று அறிந்து கேட்கும். கலங்கரை விளக்கம் படித்த சிறுமிக்கு அது தெரியாது. புரியாமை என்ற ஒன்று இருப்பதையே அவள் உணர வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2004-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசம் எட்டுப் பழங்குடி மொழிகளிலும், 2007-இல் ஒடிசா பத்துப் பழங்குடி மொழிகளிலும் தொடக்கக் கல்வியைத் தொடங்கின. அங்கே செய்த எளிய, அறிவார்ந்த ஏற்பாடு, பழங்குடி மொழியை மாநில மொழியின் எழுத்திலேயே எழுதியது. குழந்தை தன் மொழியைத் தெலுங்கு எழுத்தில் அல்லது ஒடிய எழுத்தில் படிக்கிறது. எழுத்தும் கைவருகிறது, பொருளும் உடனே கிடைக்கிறது. பிறகு மாநில மொழிக்கு மாறும்போது எழுத்து புதிதன்று, சொற்கள் மட்டுமே புதியவை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுமை. ஊராளிப் பாட்டையும் சோளகர் கதையையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் நம் பிள்ளைகளுக்கும் இதே வசதி கிட்டும்.

தாய்மொழிக் கல்வி என்ற பெயர்ப் பலகை மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. பிலிப்பைன்ஸ் 2012-இல் நாடு முழுவதும் தொடக்க வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வியைக் கொண்டுவந்தது. 2024-இல் சட்டம் இயற்றி அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. நூல்களும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் பல மொழிகளுக்குப் போதிய அளவில் இல்லை. மறுபுறம், இந்திய மாவட்டங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் தருண் ஜெயின், ஆட்சிமொழியும் மக்கள்மொழியும் வேறுபட்ட மாவட்டங்கள் ஆங்கிலேயர் காலத்தில் எழுத்தறிவில் பின்தங்கியிருந்ததையும், 1956 மறுசீரமைப்புக்குப் பின் அவை மீண்டு வந்ததையும் காட்டியுள்ளார். அந்தக் கட்டுரையைப் படித்தபோது கொள்ளேகால் எனக்கு நினைவுக்கு வந்தது. எல்லைக்கோடு அந்தப் பக்கத்துக்குச் செய்த நன்மை, இந்தப் பக்கம் நின்ற கன்னடச் சிற்றூர்களுக்குக் கிடைக்கவில்லை.

'நான் ஆங்கில வழியில் படித்தேனே, கெட்டா போய்விட்டேன்?' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 1965-இல் கனடாவின் செயின்ட் லம்பர்ட் நகரில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை முதல் நாள் முதலே பிரெஞ்சு மொழியில் படிக்க வைத்தார்கள், நன்றாகவே படித்தார்கள். உண்மை. அவர்கள் வீட்டில் புத்தகங்கள் இருந்தன, கதை சொல்லும் பெற்றோர் இருந்தனர், தெருப் பலகை முதல் தொலைக்காட்சி வரை அவர்களுடைய மொழி இருந்தது. வீட்டு மொழியை எவரும் இழிவாகப் பேசவில்லை. கோயம்புத்தூர் மருத்துவரின் மகளுக்கு ஆங்கில வழி பலிப்பதும் இதே காரணத்தால்தான். அதை வைத்து மலைக்கிராமத்துக் கூலித் தொழிலாளியின் மகளுக்கு விதி எழுத முடியாது. ஆங்கில வழியை நாடும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். சத்தி மல்லிகைச் சந்தையில் பூ விற்கிறவருக்கு எந்தச் சரக்குக்கு எவ்வளவு விலை என்று தெரியும். ஆங்கிலத்தின் விலை சந்தையில் மெய்யாகவே அதிகம். ஆனால், ஆங்கிலத்தின் எழுத்துக் கூட்டல் உலகிலேயே கடினமான ஒன்று. ஐரோப்பிய மொழிகள் பதின்மூன்றை ஒப்பிட்ட 2003-ஆம் ஆண்டு ஆய்வில், பெரும்பாலான மொழிகளின் பிள்ளைகள் ஓராண்டில் அடையும் அடிப்படை வாசிப்பை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளே அடைய இரண்டாண்டுக்கு மேல் ஆயிற்று. தமிழில் வாசிக்கக் கற்றுவிட்டு ஆங்கிலத்துக்குப் போவதே ஆங்கிலத்துக்கான குறுக்குவழி. பெற்றோரிடம் இதைச் சொல்லும்போது 'ஆங்கிலம் வேண்டாம்' என்று தொடங்கினால் எவரும் காது கொடுப்பதில்லை, அனுபவத்தில் கண்டது.

பழங்குடியினர் மட்டுமல்லர், கொங்குத் தமிழ் பேசும் பிள்ளைக்கும் பாடநூல் தமிழ் ஓரளவு வேற்றுமொழிதான். ஒறம்பரை வீட்டுக்கு வருவார்கள். புத்தகத்தில் விருந்தினர் இல்லத்துக்கு வருகை தருவார்கள். பொழுதோட வருகிறேன் என்றவர் நூலில் மாலையில் வருவார். பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் இவ்வளவு விலகி நிற்கும் மொழிகளை ஃபெர்குசன் 1959-இல் இரட்டை வழக்கு மொழிகள் என்றார். ஒன்றாம் வகுப்பில் பேச்சு வழக்கிலேயே சில கதைகள் இருந்தால் தமிழ் கெட்டுவிடும் என்று நம் புலவர்கள் அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை.

அளவீடு பற்றியும் சொல்ல வேண்டும். உலக அளவில் வாசிப்பை மதிப்பிடுவோர், நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் என்ற ஓர் இலக்கைப் பேசுகிறார்கள். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்கள். அந்த அளவுகோலைத் தமிழ்ப் பிள்ளையின்மேல் வைப்பது, படியை வைத்துத் துணியை அளப்பதாகும். அதைவிடப் பெரிய சிக்கல், வேகத்தை மட்டும் அளந்தால் கலங்கரை விளக்கச் சிறுமி முதல் மதிப்பெண் பெறுவாள். ஒரு பக்கத்தை வசதியாகப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று ஆங்கிலம் கற்போரை ஆராய்ந்தவர்கள் கணித்திருக்கிறார்கள். அவளுக்கு நாற்பதில் பதினொன்று தெரியவில்லை. தெரியாததால் படிக்கப் பிடிக்காது. படிக்காததால் சொற்கள் சேராது. சேராததால் அடுத்த ஆண்டு இன்னும் அதிகம் தெரியாது. ஸ்டானோவிச் 1986-இல் விளக்கிய இந்தச் சுழலுக்குக் கிராமத்தில் கந்துவட்டி என்று பெயர்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு 1956 முதல் கூறுகிறது. இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் கூறுகிறது. 'இயன்றவரை' என்ற சொல்லுக்குள் ஒரு மலையே மறைந்துகொள்ளும். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்துக் கற்பிக்கிறது, நல்ல அடித்தளம். அதில் வீட்டு மொழி என்ன என்ற ஒரு கேள்வியைச் சேர்ப்பதற்குப் பணம் தேவையில்லை. ஒவ்வொரு மலைப் பள்ளியிலும் அதே ஊரைச் சேர்ந்த, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருவரை முதல் இரண்டு வகுப்புகளுக்கு மொழித் துணையாக அமர்த்துவதற்குப் பணம் தேவை. பெரிய தொகை அன்று. ஒரே வகுப்பை இரண்டு ஆண்டு படிக்கும் பிள்ளைக்கும், எட்டாம் வகுப்போடு நின்று நூற்பாலைக்குப் போகும் பிள்ளைக்கும் ஆகும் செலவை எந்த நிதிநிலை அறிக்கையும் காட்டுவதில்லை என்பதால், இந்தத் தொகை பெரிதாகத் தெரிகிறது.

அந்தப் பள்ளியில் ஆசிரியரும் நானும் சிறிய அளவில் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். சிறுமியின் பாட்டி, யானை வந்த இரவைப் பற்றித் தம் மொழியில் சொன்ன கதையைத் தமிழ் எழுத்தில் எழுதி, பன்னிரண்டு பக்கங்களில் தைத்தோம். அந்த ஒலிகளில் சிலவற்றுக்குத் தமிழில் எழுத்து இல்லை; நாங்கள் வைத்துக்கொண்ட குறிகள் மொழியியலாளர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். முதல் முறை வாசிக்கும்போது சிறுமி மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். 'இது தப்பு, ஆயா இப்படிச் சொல்லலீங்க' என்றாள். நான் எழுதியதில் ஒரு சொல் மாறியிருந்தது. பென்சிலை வாங்கி அடித்துத் திருத்தினாள்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), சத்தியமங்கலம்.